பழைய வொர்க்ஸ்டேஷன்களிலும் சர்வர்களிலும் திறந்த மூல இயங்குதளங்கள்

கணினி ஒன்று பழையதாகிவிட்டது என்று சொல்லும்போது இருவேறு நிலைகளை நாம் ஒன்றாகக் கருதிவிடுகிறோம். யந்திரத்தின் உறுப்புகள் தேய்ந்தும் பழுதுற்றும் போவது ஒரு நிலை. உறுப்புகள் யாவும் நன்னிலையில் இருக்க, அதில் ஓடும் இயங்குதளத்தைப் பேணுவதை அதைத் தயாரித்தவர்கள் நிறுத்திவிடுவது மற்றொரு நிலை. முன்னதற்குப் பரிகாரம் உறுப்புகளை மாற்றுவது. பின்னதற்குப் பரிகாரம், பேணுவோர் உள்ள வேறோர் இயங்குதளத்தை அதில் அமைப்பது. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு வேண்டிய விவரங்களையும், களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்க பரிசோதனைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

இவ்விஷயம் இப்பொழுது அவசரமானதும் ஆகும். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11 அமைவதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும், அந்நிறுவனம் ஏற்றுக்கொண்ட செயலிகளுள் ஒன்றும் இருத்தல் வேண்டும். ஆகவே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல யந்திரங்கள் இந்தத் தேதியைக் காரணமாகக் கொண்டு கழிக்கப்படுகின்றன. நல்ல யந்திரத்தைக் கழித்தால் பொதுப்பணமும் ஒரு வகுப்பின் வாய்ப்பும் வீணாகும். கழிக்க வேண்டியதைப் பேணுவாரின்றி வைத்துக்கொண்டால் அலுவலக ஆவணங்களுக்குக் கேடு நேரும். இரு திசையிலும் நஷ்டம் உண்டு; ஆதலால் சோதித்தறிந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

திறந்த மூலம் எவ்வாறு உதவுகிறது?

இயங்குதளத்தின் நடுவே இருப்பது 'கரு' என்னும் நிரல். செயலியின் நேரத்தையும் நினைவகத்தையும் பங்கிட்டு அளிப்பது இதன் வேலை. கருவைச் சூழ்ந்து, வட்டு, வலையமைப்பு, காட்சித்திரை ஆகிய ஒவ்வொன்றையும் நடத்தும் 'இயக்கி' நிரல்கள் உள்ளன. இவை யாவும் மனிதர் படிக்கத்தக்க மூல வடிவில் எழுதப்பட்டு, குறிப்பிட்ட செயலிக் குடும்பத்தின் ஆணைகளாக மொழிமாற்றம் செய்யப்படுகின்றன. மொழிமாற்றிய வடிவம் மட்டும் நம்மிடம் இருக்குமானால், தயாரித்தவர் எந்தச் செயலிக்கு அதை ஆக்கித் தந்தாரோ அதிலேதான் அது ஓடும். மூல வடிவம் யாவர்க்கும் கிடைக்குமானால், தயாரித்தவர் கைவிட்ட செயலிக்கும் வேறொருவர் அதை மொழிமாற்றி அளிக்க இயலும்.

1993-இல் தொடங்கிய நெட்பிஎஸ்டி, பலவகைச் செயலிகளில் ஓடுவதையே தன் சிறப்பாகக் கொண்டது. 1995-இல் அதினின்று பிரிந்த ஓப்பன்பிஎஸ்டி பாதுகாப்பிற்கு முதலிடம் தருகிறது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவின் மேல் டெபியன் முதலான பல தொகுப்புகள் எழுந்தன. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் 2007 முதல் வெளியிட்டுவரும் 'பாஸ்' லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. கேரளத்துப் பள்ளிகளின் கணினிக் கூடங்களும் நெடுங்காலமாக லினக்ஸ் கொண்டே நடைபெறுகின்றன.

எனினும், மூலம் திறந்திருப்பது மட்டும் போதாது. அதைப் பேணும் ஆட்களும் வேண்டும். லினக்ஸ் முதன்முதல் எழுதப்பட்டதே இன்டெல் 386 செயலிக்காக. அச்செயலிக்குரிய பகுதி 2013-இல் வெளிவந்த 3.8 பதிப்பில் நீக்கப்பட்டது. ஐட்டேனியம் செயலிக்குரிய பகுதி 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பில் நீங்கியது. டெபியன் தொகுப்பு, ஆல்ஃபா செயலியை 2011-இலும், ஸ்பார்க் செயலியை 2015-இலும் தன் முறையான வெளியீட்டிலிருந்து விலக்கியது. யந்திரத்தை வைத்துச் சோதிக்கவும் பிழைகளைத் திருத்தவும் ஆட்கள் அருகியதே இவற்றிற்கெல்லாம் காரணம். எனவே, "இந்த யந்திரம் எத்தனை ஆண்டுப் பழையது?" என்பதைவிட, "இதன் செயலிக்கும் உறுப்புகளுக்கும் இன்று பாதுகாப்புத் திருத்தம் தருவோர் யார்?" என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

ஓர் எடுத்துக்காட்டு: சன் அல்ட்ரா 5

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1998-இல் வெளியிட்ட அல்ட்ரா 5 என்னும் வொர்க்ஸ்டேஷன் இவ்வுண்மையை நன்கு விளக்கும். அதன் செயலி 64-பிட் அல்ட்ராஸ்பார்க் 2ஐ வகையைச் சேர்ந்தது. தொடக்க மாதிரியின் வேகம் 270 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 512 மெகாபைட் வரை ஏற்கும். சன் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் வாங்கியது. 2011-இல் வந்த சொலாரிஸ் 11, இவ்வகைப் பழைய வொர்க்ஸ்டேஷன்களை ஏற்கவில்லை. ஃப்ரீபிஎஸ்டியும் 2021-இல் வந்த 13-ஆம் பதிப்பில் இக்குடும்பத்தை விலக்கியது. ஆனால் ஓப்பன்பிஎஸ்டியும் நெட்பிஎஸ்டியும் இதனை இன்றும் தம் பட்டியலில் வைத்துள்ளன.

இத்தகைய யந்திரத்தை எடுத்து இயக்க முற்படுவோர் சந்திக்கும் முதல் தடை, இயங்குதளத்தைப் பற்றியதன்று. இதன் தாய்ப்பலகையில், கடிகாரமும் நிலையமைப்பு விவரங்களும் அடங்கிய சிறு நினைவகச் சில்லு ஒன்று உண்டு. அச்சில்லுக்குள்ளேயே லித்தியம் பாட்டரி வைத்து மூடப்பட்டுள்ளது. பாட்டரி தீர்ந்ததும் யந்திரத்தின் வலையமைப்பு முகவரியும் உடன் அழிந்துபோகும். தொடங்கும்போதெல்லாம் அடையாள விவரம் செல்லாது என்னும் எச்சரிக்கை தோன்றும். சில்லு குழியில் செருகப்பட்டதாகையால், கழற்றிப் புதியது பொருத்தி, முகவரியைக் கையால் மீண்டும் எழுதிவிடலாம். ஆகவே, பழைய சன் யந்திரம் ஓடும் நிலையில் கிடைக்குமாயின், தொடக்கத் திரையில் காணும் முகவரியை உடனே காகிதத்தில் குறித்து வைத்தல் வேண்டும்.

இரண்டாவது தடை விசைப்பலகை. இதன் விசைப்பலகை தனி வகையைச் சேர்ந்தது. இன்று எளிதிற் கிடைப்பதில்லை. ஆனால் விசைப்பலகை இல்லையென்று கண்டால், இதன் நிலைபொருள் தானாகவே முதல் சீரியல் வாயிலுக்கு மாறிவிடும். விநாடிக்கு 9600 பிட், 8 தரவுப் பிட்டுகள், சமன்சோதனை இல்லை, 1 நிறுத்தப் பிட் என்னும் அமைப்பில் வேறொரு கணினியைக் குறுக்குச் சீரியல் கம்பியால் இணைத்தால், தொடக்கம் முதல் அனைத்தையும் அத்திரையில் காணலாம். பழைய சர்வர்கள் பலவற்றிற்கும் இம்முறை பொருந்தும். களப்பணியாளரின் பையில் ஒரு யூ.எஸ்.பி. சீரியல் கம்பி எப்பொழுதும் இருத்தல் நலம்.

மூன்றாவது தடை வட்டு. இக்கால ஐ.டி.இ. வட்டிணைப்புகள், வட்டின் பகுதிகளை 28 பிட் எண்ணால் குறித்தன. ஒவ்வொரு பகுதியும் 512 பைட் ஆகையால், 137 கிகாபைட்டிற்கு மேற்பட்ட இடத்தை இவை எட்ட இயலாது. பெரிய வட்டைப் பொருத்தினால் யந்திரம் முழுவதையும் பயன்படுத்தும் என்று எதிர்பார்த்தல் தவறு.

இத்தனை தடைகளையும் கடந்து இதை ஓட்டுவதால் பயன் என்ன என்று கேட்கலாம். இன்றைய இணைய உலாவிகளுக்கு இதன் நினைவகம் போதாது; ஆகவே மேசைக் கணினியாக இது உதவாது. ஆனால் நிரலாக்கத்தைச் சோதிப்பதற்கு இது உதவுகிறது. இன்டெல் வகைச் செயலிகள் ஓர் எண்ணின் சிறிய பகுதியை முதலில் வைக்கின்றன. ஸ்பார்க் பெரிய பகுதியை முதலில் வைக்கிறது. அன்றியும், பல பைட் கொண்ட எண் நினைவகத்தில் ஒழுங்கான எல்லையில் தொடங்காவிடில் ஸ்பார்க் அதை ஏற்காமல் நிரலை நிறுத்திவிடும். இன்டெல் யந்திரத்தில் வெளிப்படாமல் மறைந்து கிடக்கும் பிழைகள் இங்கே உடனே தெரியவரும். ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் பலவகைச் செயலிகளைப் பேணிவருவதற்குக் கூறும் காரணங்களுள் இது ஒன்றாகும்.

இன்டெல் வகை 64-பிட் யந்திரங்கள்

நம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பெரும்பாலும் காணப்படுபவை இவையே. 2003-இல் ஏ.எம்.டி. வெளியிட்ட ஆப்டரான் செயலியுடன் இக்குடும்பம் தோன்றியது. பின்னர் வந்த செயலிகளில் புதிய ஆணைகள் சேர்ந்துகொண்டே வந்தமையால், இதைப் படிகளாகப் பிரித்துள்ளனர். முதற்படி 2003-இன் அடிப்படை ஆணைகள். இரண்டாம் படி ஏறத்தாழ 2008-இல் இன்டெல் வெளியிட்ட செயலிகள் முதற்கொண்டு உள்ளது. மூன்றாம் படி 2013-இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறை முதற்கொண்டு உள்ளது.

எந்தத் தொகுப்பு எந்தப் படியைக் கோருகிறது என்பதை அறியாமல் நிறுவ முயன்றால், தொடக்கத்திலேயே நின்றுவிடும். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 (2022) இரண்டாம் படியைக் கோருகிறது. அதன் 10-ஆம் பதிப்பு (2025) மூன்றாம் படியைக் கோருகிறது. 2012, 2013 ஆண்டுகளில் வந்த சியான் இ5 வரிசையின் முதலிரு தலைமுறைகள் இரண்டாம் படியிலேயே நிற்பவை. ஆதலால் அச்செயலிகளைக் கொண்ட சர்வரில் 9-ஆம் பதிப்பு ஓடும். 10-ஆம் பதிப்பு ஓடாது. இங்கே திறந்த மூலத்தின் பயன் நன்கு புலனாகிறது. அதே மூலத்தை ஒட்டி அமைந்த அல்மாலினக்ஸ் குழுவினர், 10-ஆம் பதிப்பை இரண்டாம் படிச் செயலிகளுக்கும் தனியே மொழிமாற்றி வெளியிட்டுள்ளனர். டெபியன் 13 (2025) முதற்படி செயலிகளையும் ஏற்கிறது.

32-பிட் மட்டுமே அறிந்த யந்திரங்களின் நிலை வேறு. டெபியன் 13 அவற்றிற்கு நிறுவு நிரலை வெளியிடவில்லை. நெட்பிஎஸ்டி இன்னும் அவற்றைப் பேணுகிறது. இவ்வியந்திரங்களில் காலக்கணக்கையும் கவனித்தல் வேண்டும். 1970 தொடக்கத்திலிருந்து கடந்த விநாடிகளை 32-பிட் எண்ணில் எண்ணிவரும் இயங்குதளம், இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19-ஆம் நாள் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்குமேல் எண்ண இயலாது. நெட்பிஎஸ்டி 2012-இலும் ஓப்பன்பிஎஸ்டி 2014-இலும் இவ்வெண்ணை 64-பிட்டாக்கிவிட்டன.

பரிசோதனை முறை

கீழ்க்கண்ட வரிசையைக் கடைப்பிடித்தல் நலம். வரிசை மாறினால், பழுதான வட்டிலோ நினைவகத்திலோ இயங்குதளத்தை அமைத்துவிட்டுப் பிழை எங்கே என்று தேட நேரும்.

1. மின்னிணைப்பை நீக்கிப் பெட்டியைத் திறந்து தூசி அகற்றுக. தாய்ப்பலகையில் தலை உப்பிய மின்தேக்கிகள் இருப்பின், அந்த யந்திரத்தை ஆவணப் பணிக்கு எடுத்துக்கொள்ளற்க. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் தேர்ச்சி பெற்றவரன்றி வேறெவரும் திறத்தல் கூடாது.

2. கடிகாரத்திற்குரிய நாணய வடிவப் பாட்டரியை மாற்றுக. தேதி தவறாக இருப்பின், பாதுகாப்பான இணையத் தொடர்புகள் ஏற்கப்படாமற் போகும். வலையமைப்புப் பழுதென எண்ணப்படும் பல குறைகளுக்குக் காரணம் இதுவே.

3. மெம்டெஸ்ட்86+ என்னும் திறந்த மூல நிரலைக்கொண்டு நினைவகத்தை ஓர் இரவு முழுவதும் சோதிக்க. ஒரு பிழை தென்படினும் அந்த நினைவகத் தகட்டை நீக்குக.

4. வட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' கணக்கைப் படிக்க. பழுதுற்று மாற்றப்பட்ட பகுதிகள், மாற்றக் காத்திருக்கும் பகுதிகள் ஆகிய இவ்விரு எண்களும் பூஜ்யமாக இருத்தல் வேண்டும். காத்திருக்கும் பகுதிகள் உள்ள வட்டில் எதையும் நம்பி வைத்தலாகாது. பழைய சுழல்வட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துவதே, பழைய யந்திரத்தின் வேகத்தைக் கூட்டுவதற்கு மிகவும் பயன்தரும் செலவாகும்.

5. வட்டைத் தொடாமல் யூ.எஸ்.பி. நினைவகத்திலிருந்தே ஓடும் 'லைவ்' வடிவத்தில் இயங்குதளத்தைத் தொடங்கிப் பார்க்க. திரை, ஒலி, வலையமைப்பு, அச்சுப்பொறி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துக் குறித்துக்கொள்க. உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்து நினைவகத்தின் அளவைக் காண்க. நினைவகத்தை மிகுதியாக உண்பது உலாவியே. மேசைக் கணினிக்கு 4 கிகாபைட்டிற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். திரையின்றி எழுத்துவழியில் ஓடும் கோப்பு சர்வருக்கு 1 கிகாபைட்டும் போதியதாகலாம்.

6. பழைய கோப்புகளின் பிரதியை வேறிடத்தில் எடுத்து, அப்பிரதி திறக்கிறதா என்று பார்த்த பின்னரே வட்டில் நிறுவுக.

சர்வர்களுக்குரிய தனிக் குறிப்புகள்

சர்வர்களின் நினைவகத் தகடுகள், பிழையைத் தாமே கண்டு திருத்தும் ஈ.சி.சி. வகையைச் சேர்ந்தவை. இது ஒரு பெரு நன்மை. ஆனால் அவற்றுள் 'ரெஜிஸ்டர்டு' வகைத் தகடுகள் சாதாரண மேசைக் கணினியில் ஓடா. உருவம் ஒத்திருப்பது கண்டு மாற்றிப் பொருத்த முயல வேண்டாம்.

பல வட்டுகளை ஒன்றாகக் காட்டும் 'ரெய்டு' அட்டையிலும் கவனம் தேவை. வட்டுகளில் தரவைப் பரப்பி வைக்கும் முறையை அந்த அட்டைக் குடும்பமே அறியும். பத்தாண்டுப் பழைய அட்டை பழுதானால், அதற்கு ஈடான அட்டை கிடைக்கும்வரை நல்ல வட்டுகளில் உள்ள தரவும் எட்டாது. அட்டையில் வட்டுகளை அப்படியே காட்டும் வசதியிருப்பின் அதைத் தெரிந்துகொண்டு, இரட்டைப் பிரதி வைக்கும் பணியை இயங்குதளத்திற்கே விட்டுவிடுதல் மேல். அப்பொழுது வட்டுகளைக் கழற்றி வேறு யந்திரத்தில் பொருத்தியும் படிக்கலாம்.

சர்வரைத் தொலைவிலிருந்து நடத்துவதற்கெனத் தாய்ப்பலகையில் தனிச் சிறு கணினி ஒன்று இருக்கும். அதன் நிலைபொருளுக்குத் திருத்தம் வருவது நின்றிருக்கலாம். மேலே அமைத்த இயங்குதளம் எவ்வளவு புதியதாயினும் இக்குறை நீங்காது. அதற்குரிய வலைக்கம்பியை இணையத்தோடு இணையாமல், தனி வலையில் வைத்தல் அவசியம். அவ்வாறே, 2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் செயலிக் குறைகளுக்கு இயங்குதளத்தில் தடைகள் உண்டு. ஆயினும் மிகப் பழைய செயலிகளுக்குத் தயாரித்தவரிடமிருந்து வரவேண்டிய திருத்தம் வந்ததில்லை.

இறுதியாக மின்செலவு. 150 வாட் ஈர்க்கும் சர்வர் ஒன்று இடைவிடாது ஓடுமானால் ஆண்டொன்றிற்கு 1,314 யூனிட் செலவாகும். 25 வாட் ஈர்க்கும் சிறு கணினி அதே பணியைச் செய்யுமாயின் 219 யூனிட் போதும். மாறாக, 120 வாட் வொர்க்ஸ்டேஷன் ஒன்று நாளைக்கு 5 மணி நேரம், ஆண்டில் 200 நாட்கள் வகுப்பில் ஓடினால் 120 யூனிட்டே ஆகும். ஆகவே வகுப்பறையில் சிக்கனமாக இருக்கும் பழைய யந்திரம், இரவுபகல் ஓடும் பணியில் சிக்கனமாக இராது. மின்னளவியைப் பொருத்தி அளந்தபின் முடிவு செய்க.

எப்பொழுது விட்டுவிடுதல் வேண்டும்?

சம்பளப் பட்டியல், நோயாளர் குறிப்பு, தேர்வு மதிப்பெண் முதலியவற்றைத் தாங்கும் யந்திரத்திற்கு மூன்று தகுதிகள் வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருத்தல். பழுதானால் அதே நாளில் ஈடு செய்யத்தக்க மற்றொரு யந்திரம் இருத்தல். திருத்தங்களைத் தவறாது நிறுவும் பொறுப்பு ஒருவருக்கு எழுத்து மூலம் அளிக்கப்பட்டிருத்தல். மூன்றாவது தகுதியே பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. ஓப்பன்பிஎஸ்டி ஆறு மாதத்திற்கொரு பதிப்பு வெளியிடுகிறது. அதன் ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழ ஓராண்டே பேணப்படும். அமைத்தவர் மாற்றலாகிச் சென்றபின் எவரும் தொடாத இயங்குதளம், திறந்த மூலமாயினும் பேணப்படாததே ஆகும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், அந்த யந்திரத்தைப் பயிற்சிக்கும் பரிசோதனைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

கழிப்பதென்று முடிவானால், வட்டிலுள்ள தரவை முழுதும் அழித்தபின், 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்கழிவு (மேலாண்மை) விதிகள், 2022-இன்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ புதுப்பிப்பவரிடமோ ஒப்படைத்தல் முறை.

வகுப்பிற்குரிய பயிற்சிகள்

1. 258 என்னும் எண்ணை நான்கு பைட்டுகளில் எழுதுக. பெரிய பகுதி முதலாயின் 0, 0, 1, 2 என்றும், சிறிய பகுதி முதலாயின் 2, 1, 0, 0 என்றும் வருவதை மாணாக்கர் தாமே கண்டறியட்டும். ஒரு முறையில் எழுதிய கோப்பை மறுமுறையில் படித்தால் எந்த எண் கிடைக்கும் என்று கணக்கிடச் செய்க.

2. 28 பிட் முகவரியும் 512 பைட் பகுதியும் கொண்டு, எட்டத்தக்க வட்டின் அளவைக் கணக்கிடுக. 32 பிட்டாயின் அது எத்தனை மடங்கு பெருகும்?

3. பள்ளியில் உள்ள கணினிகளுக்கு ஓர் அட்டவணை தயாரிக்க. செயலி, அதன் படி, நினைவகம், வட்டின் நிலை, ஈர்க்கும் மின்சாரம், ஏற்ற இயங்குதளம், அது பேணப்படும் காலம் ஆகியவற்றைப் பத்திகளாக அமைக்க. ஒவ்வொரு யந்திரத்திற்கும் எதிரே 'பணிக்கு', 'பயிற்சிக்கு', 'கழிக்க' என்னும் மூன்றில் ஒன்றைக் காரணத்தோடு எழுதி, ஆறு மாதத்திற்கொரு முறை அட்டவணையைத் திருத்துக.